வெட்டிய தீயணைப்பு வண்டியா, ஃபோர்டு மாடல் டி-யா? பழைய ஸ்பீட்ஸ்டர் வாங்க நினைப்பவருக்கு

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு ரொம்ப நாள் ஆசை: 1920-க்கு முந்தைய பாணியில் ஒரு ஸ்பீட்ஸ்டர் வேண்டும். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன்கண்ணாடி இருந்தால் உண்டு. நீளமான பானெட், அதற்குப் பின்னால் தாழ்வாக இரண்டு இருக்கை, இருக்கைகளின் முதுகில் உருளையாக ஒரு பெட்ரோல் டேங்க், அதற்கும் பின்னால் ஸ்டெப்னி. அவ்வளவுதான் வண்டி. வீட்டை அடமானம் வைக்காமல் இதை எப்படி வாங்குவது என்று கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. இதே குழப்பத்தில் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் ஓட்ட வேண்டும், நாமே ஸ்பேனர் பிடித்து வேலை பார்க்க வேண்டும் என்றால் ஃபோர்டு மாடல் டி ஸ்பீட்ஸ்டர். பெரிய இன்ஜின், செயின், பித்தளை, உடம்பை உலுக்கும் அந்த அதிர்வு, இதெல்லாம்தான் வேண்டும் என்றால் தீயணைப்பு வண்டியிலிருந்து மாற்றிய ஸ்பீட்ஸ்டர். ஆனால் யாரோ என்றைக்கோ மாற்றி முடித்ததைத் தேடி வாங்குங்கள். முழுசாக நிற்கும் ஒரு தீயணைப்பு வண்டியை வாங்கி வெட்டாதீர்கள். இந்தக் கடைசி விஷயத்தில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அசல் ஸ்பீட்ஸ்டர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் செய்த மெர்சர் ரேஸ்அபவுட், இண்டியானாபொலிஸில் செய்த ஸ்டட்ஸ் பேர்கேட், இந்த இரண்டும்தான் அந்த வகையின் ராஜாக்கள். ஃபின்லி ராபர்ட்சன் போர்ட்டர் வடிவமைத்த மெர்சர் டைப் 35-ல் இருந்தது 4.9 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் மணிக்கு 70 மைல், அதாவது 110 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்து விற்றது. ஸ்டட்ஸ் கம்பெனியின் முதல் வண்டி 1911-ல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஓடி 11-வதாக வந்தது. ஜெயிக்கவில்லை, ஆனால் உடைந்து நிற்காமல் முடித்தது. அதையே விளம்பரமாக்கி வியாபாரத்தைப் பிடித்துவிட்டார் ஹாரி ஸ்டட்ஸ். இன்று நல்ல மெர்சர் ரேஸ்அபவுட் ஏலத்துக்கு வந்தால் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகும். அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வரலாம். அடுத்த பேச்சுக்குப் போவோம்.

தீயணைப்பு வண்டிக்குள் ரேஸ் கார் எப்படி வந்தது

நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்று ஓர் ஊர். அங்கே இருந்த அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் கம்பெனி முதலில் குதிரை இழுக்கும் நீராவிப் பம்புகளைச் செய்தது. 1910-ல் மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் ஊருக்கு தன் முதல் மோட்டார் தீயணைப்பு வண்டியை அனுப்பியது. அடுத்த பதினைந்து வருடங்களில் அமெரிக்காவின் பெரிய நகரம், சின்ன ஊர் என்று எல்லா இடத்திலும் அதன் சிவப்பு வண்டி நின்றது. இன்று 'ஃபயர் டிரக் ஸ்பீட்ஸ்டர்' என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை லாஃப்ரான்ஸ்தான். ஒஹையோவின் கொலம்பஸில் செய்த சீக்ரேவ் வண்டிகளிலும் சில மாற்றப்பட்டிருக்கின்றன. (சீக்ரேவ் தொடங்கியது பழம் பறிக்கும் ஏணி செய்யும் பட்டறையாக. அங்கிருந்து தீயணைப்பு ஏணி, அப்புறம் வண்டி.)

அந்த வண்டிகளின் இன்ஜினைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஆசைக்கும் காரணம் அதுதான். லாஃப்ரான்ஸ் டைப் 12-ன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்தரை அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் ஆறு அங்குலம். மொத்தம் 855 கன அங்குலம், 14 லிட்டர். இன்றைய ஒரு லாரி இன்ஜினுக்கே அது பெரிய அளவு. ஆனால் அதிலிருந்து வரும் சக்தி சுமார் 100 குதிரைத்திறன்தான். இன்றைய சின்னக் காரே அவ்வளவு தருகிறது என்று சிரிக்க வேண்டாம். அது தரும் விதம் வேறு. இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தொடும் முன்னாலேயே மொத்த இழுவையும் வந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பதையும் இருக்கையில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம் போலிருக்கும்.

சிலிண்டர்களை இரண்டிரண்டாக வார்த்து வரிசையாக வைத்திருப்பார்கள். உள்ளிழுக்கும் வால்வுகள் ஒரு பக்கம், வெளியேற்றும் வால்வுகள் மறுபக்கம், இரண்டு பக்கத்துக்கும் வால்வுகளைத் திறக்கத் தனித்தனி கேம் ஷாஃப்ட். இந்த அமைப்புக்கு டி ஹெட் என்று பெயர். மெர்சரும் முதல் பேர்கேட்டும் இதே டி ஹெட்தான். அதனால் தீயணைப்பு வண்டியிலிருந்து செய்த ஸ்பீட்ஸ்டரை 'போலி' என்று ஒரேயடியாக ஒதுக்க முடியாது. பாடி நேற்றுச் செய்ததாக இருக்கலாம், இயந்திரம் அந்தக் காலத்து ரேஸ் காரின் ஒன்றுவிட்ட அண்ணன். இன்னொரு சுவாரசியம்: பயணிகள் கார்கள் டி ஹெட்டைக் கைவிட்டுப் பல வருடம் ஆன பிறகும் லாஃப்ரான்ஸ் அதை விடவில்லை. 1920-களின் நடுவில் செய்த வண்டியில்கூட 1914-ன் இயந்திர அமைப்பே இருக்கும்.

ஏன் விடவில்லை? தீயணைப்பு வண்டியின் வேலை ஓடுவதோடு முடிவதில்லை. தீப்பிடித்த இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் இன்ஜினுக்கு உண்மையான வேலை. நிமிடத்துக்கு 750 காலன், நம் கணக்கில் 2,800 லிட்டருக்கு மேல், தண்ணீரை அழுத்தத்தோடு அடிக்க வேண்டும். அதுவும் மணிக்கணக்காக, ஒரே இடத்தில் நின்றபடி, காற்று அடித்துக் குளிர்விக்காத நிலையில். அந்தக் காலத்தில் ஒரு பம்பு வண்டியை நகராட்சி ஏற்றுக்கொள்ளும் முன் 12 மணி நேரம் பம்பு ஓட்டிச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. பயணிகள் கார்களுக்கு இப்படியொரு சோதனை வழக்கம் இல்லை. அதனால் கிராங்க் ஷாஃப்டிலிருந்து தண்ணீர் ஓடும் பாதை வரை எல்லாமே தேவைக்கு மேல் கனமாக இருக்கும். ஒரு பற்றவைப்பு செத்தாலும் இன்னொன்று ஓட்டட்டும் என்று பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ ஒன்று, பேட்டரி காயில் ஒன்று என இரட்டை ஏற்பாடு. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்காவது இருக்கும்.

விலையும் அப்படித்தான். 1916-ல் ஃபோர்டு மாடல் டி 360 டாலருக்குக் கிடைத்தபோது, பெரிய பம்பு வண்டி ஒன்று ஒன்பதாயிரம் டாலர் வாக்கில் இருந்தது. நகராட்சிப் பணம் என்பதால் வெண்கலம், நிக்கல் எஃகு என்று தாராளமாகச் செலவழித்துச் செய்தார்கள். வாங்கிய பிறகு கூரைக்குக் கீழே வைத்துத் துடைத்து வைத்தார்கள். வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடியிருந்தால் அதிகம். சின்ன ஊர்கள் 1940-கள், 50-கள் வரைகூட 'இருக்கட்டும், இன்னொரு தீக்கு உதவும்' என்று ஓரமாக வைத்திருந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்பு சேகரிப்பில் நிறைய வண்டிகள் உருகிப் போயின. அப்படியும் தப்பித்தவை கணிசம்.

இவற்றைத்தான் பிற்காலத்தில் வாங்கி, ஏணியையும் ஓஸ் பெட்டியையும் கழற்றிவிட்டு ஸ்பீட்ஸ்டர் செய்தார்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'தீயணைப்புத் தலைவருக்காக கம்பெனியே செய்த ரோட்ஸ்டர்' (இரண்டு இருக்கைத் திறந்த கார்) என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. லாஃப்ரான்ஸ் அப்படிச் சில வண்டிகளைச் செய்தது உண்மை. ஆனால் மிகக் குறைவு. சந்தைக்கு வருபவற்றில் ஏறக்குறைய எல்லாமே பம்பு வண்டியாகவோ ஓஸ் வண்டியாகவோ பிறந்து, ஐம்பது அறுபது வருடம் கழித்து யாரோ ஒருவர் கொட்டகையில் உருமாறியவைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கதைக்கென்று தனி விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.

மாற்றும்போது என்ன நடக்கிறது

பம்பு, தண்ணீர்க் குழாய்கள், மரப்பெட்டி, ஏணி, மணி எல்லாம் போனால் வண்டியின் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். நான்கு டன்னுக்கு மேல் நின்ற வண்டி இரண்டு, இரண்டரை டன்னுக்கு வரும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டகத்தை அறுத்துவிடுவார்கள். சிலர் சக்கர இடைவெளியையும் குறைப்பார்கள்.

வேகத்துக்கு வழி செயினில் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து குறுக்கே ஒரு ஷாஃப்ட் இரண்டு பக்கமும் வரும். அதன் முனைகளில் பல்சக்கரம். அங்கிருந்து பக்கத்துக்கு ஒரு செயின் பின்சக்கரத்துக்குப் போகும். தீயணைப்பு வண்டிக்கு நாலு டன்னை மேட்டில் ஏற்றும் விகிதம் வேண்டும். ஸ்பீட்ஸ்டருக்கு அது தேவையில்லை. ஸ்ப்ராக்கெட் எனப்படும் அந்த முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் அதே இன்ஜின் சுற்றில் வேகம் கூடிவிடும். இன்றைய காரில் இதே வேலைக்கு டிஃபரென்ஷியலைப் பிரிக்க வேண்டும். சைக்கிள் கடையில் பல்சக்கரம் மாற்றுகிற மாதிரி வேலை இங்கே முடிந்துவிடுகிறது, கனம் மட்டும் ஐம்பது மடங்கு. இப்படி மாற்றிய வண்டிக்கு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது பெரிய வேலையில்லை. நிற்பதுதான் பெரிய வேலை.

பிரேக்கைப் பற்றி யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. கால் பிரேக் அந்தக் குறுக்கு ஷாஃப்டைப் பிடிக்கும், கை பிரேக் பின்சக்கர டிரம்மைப் பிடிக்கும். ஷாஃப்டைப் பிடிக்கும் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது செயின் மட்டும்தான். செயின் அறுந்தால் அந்தப் பக்கம் கால் பிரேக்கும் சேர்ந்து போகும். பின்பக்க எடையைக் கழற்றிவிட்டதால் அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய வண்டிகளும் வருகின்றன. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். இரண்டு டன் வண்டியை இன்றைய சாலையில் ஓட்டப்போவது நான் என்றால், சுளிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஸ்பிரிங் இன்னொரு விஷயம். நாலு டன்னுக்காகப் போட்ட பட்டைகளை அப்படியே விட்டிருந்தால் வண்டி குதிரையாகக் குதிக்கும். நல்ல கையால் மாற்றியிருந்தால் பட்டைகளைக் குறைத்து, அதிர்வுதாங்கி சேர்த்திருப்பார்கள். சக்கரம் மரம், ஹிக்கரி ஆரக்கால். அசலில் பல வண்டிகளுக்கு இருந்தது காற்றில்லாத திட ரப்பர் டயர், அதோடு வேகமாகப் போனால் பல் ஆடும். காற்று டயருக்கு மாற்றியிருந்தால், அந்த அளவில் இன்றைக்கும் டயர் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆரக்கால் காய்ந்து ஆடினால் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். பென்சில்வேனியா, ஒஹையோ பக்கம், இன்றும் குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவப் பிரிவினரான அமிஷ் தச்சர்கள் குதிரை வண்டிச் சக்கரத்தோடு பழைய கார் சக்கரமும் செய்து தருகிறார்கள்.

ஸ்டியரிங் வலப்பக்கம். நம்மூரில் ஓட்டிப் பழகியவருக்கு உட்கார்ந்ததும் சொந்த வீடு போலிருக்கும், ஆனால் அமெரிக்கச் சாலையில் முந்தும்போது எதிரே வருவது தெரியாது. கியர் தண்டும் கை பிரேக்கும் உடம்புக்கு வெளியே வலக்கைப் பக்கம். பக்கத்தில் உட்காருபவர் சேலையோ துப்பட்டாவோ அணிந்திருந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், மூடி எதுவும் இல்லாமல் சுழல்கிறது. எண்ணெயும் தெறிக்கும்.

பெட்ரோல்? லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

முடிந்த வண்டியா, முழு வண்டியா, எலும்புக்கூடா

லாஃப்ரான்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று வழி இருக்கிறது. விலைப்படி பார்த்தால் முடிந்த ஸ்பீட்ஸ்டர் அதிகம். நல்லதென்றால் அறுபதாயிரம் டாலரில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். முழுத் தீயணைப்பு வண்டி ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவு. அதை நிறுத்த இடம் உள்ளவர்கள் குறைவு, அதனால் வாங்க ஆளில்லை. சட்டகமும் இன்ஜினும் மட்டும் மிஞ்சிய எலும்புக்கூடு இன்னும் மலிவு.

இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வரும்: மலிவாக முழு வண்டியை வாங்கி நாமே வெட்டினால் பாதிப் பணம் மிச்சம். மிச்சமாகாது. பிஸ்டன் கடையில் கிடைக்காது, செய்யச் சொல்ல வேண்டும். வெள்ளை உலோக பேரிங்கை ஊற்றிக் கடைந்து தருபவர் சிலர்தான், அவர்களிடம் வரிசையில் நிற்க வேண்டும். ரேடியேட்டரின் உள்பகுதி, மேக்னெட்டோ சுருள், சக்கரம், டயர், பாடி, பெட்ரோல் டேங்க் என்று ஒவ்வொன்றும் தனிக் கைவேலை. கூட்டிப் பார்த்தால் முடிந்த வண்டியின் விலையைத் தாண்டும், கையில் வருடங்களும் போயிருக்கும். பாதியில் நின்றுபோன இப்படிப்பட்ட வேலைகள் 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்ற வரியோடு அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. அந்த மிச்சப் பத்தில்தான் பணம் இருக்கிறது.

பணத்தை விடுங்கள். வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணம். ஒவ்வொரு லாஃப்ரான்ஸ் வண்டிக்கும் கம்பெனி ஒரு பதிவு எண் கொடுத்தது. அந்த எண்ணை வைத்து எந்த ஊருக்கு, எந்த வகையாக அது போனது என்று கண்டுபிடிக்க முடிகிறது. பம்பு, ஓஸ் பெட்டி, விளக்குகள், பக்கவாட்டில் தங்க எழுத்தில் ஊர்ப்பெயர் என்று எல்லாம் அப்படியே இருக்கும் வண்டி ஓர் ஊரின் நூறு வருடச் சொத்து. அந்த ஊர்த் தீயணைப்பு நிலையமோ அருங்காட்சியகமோ திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடியது. பழைய தீயணைப்பு வண்டிகளைக் காப்பதற்கென்றே 1958 முதல் அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களிடம் 'வெட்டப்போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஸ்பீட்ஸ்டர் வேண்டும் என்பவருக்கு ஏற்கெனவே வெட்டியது போதுமான அளவு கிடைக்கிறது. முழுதாக இருப்பது இனிமேல் குறையத்தான் செய்யும்.

சின்சினாட்டியில் செய்த ஆரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டி கிடைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் பிஸ்டன் பம்பும், அதன் மேல் தண்ணீரின் துடிப்பை அடக்கும் பளபளப்பான உருண்டையும் இருக்கும். அந்த முகத்துக்காகவே அதைத் தீயணைப்பு வண்டியாகவே நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள்.

எலும்புக்கூடு வேறு கதை. பம்பும் பெட்டியும் எப்போதோ காணாமல் போய், விவசாயி ஒருவர் பண்ணை வேலைக்குப் பயன்படுத்திவிட்டு மரத்தடியில் விட்ட சட்டகம் என்றால் அதைத் தீயணைப்பு வண்டியாக மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அதை ஸ்பீட்ஸ்டர் ஆக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சொல்லப்போனால் அதுவே அதற்கு நல்ல கதி. ஆனால் லேத்தும் வெல்டிங்கும் தெரிந்தவர், அல்லது அவை தெரிந்த பொறுமையான நண்பர் உள்ளவர் மட்டும் இறங்கலாம்.

இதையெல்லாம் தாண்டிய பைத்தியக்காரத்தனமும் உண்டு. ஜெர்மனியில் சின்ஸ்ஹைம், ஷ்பையர் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ப்ரூட்டஸ் என்றொரு வண்டி இருக்கிறது. பழைய லாஃப்ரான்ஸ் சட்டகம், அதன் மேல் பிஎம்டபிள்யூவின் 12 சிலிண்டர் விமான இன்ஜின், கொள்ளளவு 47 லிட்டர் வாக்கில். அதுவும் செயினில்தான் ஓடுகிறது. வீடியோவில் பார்த்தாலே போதும்.

ஃபோர்டின் பக்கம்

மாடல் டி-யை இந்த ராட்சதர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதே அநியாயம்: 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன், முன்னோக்கி இரண்டே கியர். ஆனால் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றும் வால்விலிருந்து விளக்குத் திரி வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலில் வரும். லாஃப்ரான்ஸ் சொந்தக்காரர் ஒரு கேஸ்கட்டுக்கு மாதக்கணக்கில் அலையும்போது, ஃபோர்டு சொந்தக்காரர் சனிக்கிழமை பிரித்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார்.

வரலாறு என்று பார்த்தாலும் இதன் கை ஓங்கித்தான் இருக்கிறது. மாடல் டி ஸ்பீட்ஸ்டர் அந்தக் காலத்திலேயே, அந்தக் காலத்துப் பையன்களே செய்தது. பழைய ஃபோர்டை வாங்கி, பாடியைக் கழற்றி, தபாலில் வரவழைத்த ஸ்பீட்ஸ்டர் பாடியை மாட்டி, வேகத்தைக் கூட்ட வேறு கம்பெனிகள் செய்த ராஜோ அல்லது ஃப்ரான்டெனாக் சிலிண்டர் ஹெட் பொருத்துவார்கள். ஃப்ரான்டெனாக் ஹெட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஷெவர்லே சகோதரர்கள். பெயர் கொடுத்த கம்பெனியை விட்டு வெளியேறிய லூயி ஷெவர்லே, போட்டிக் கம்பெனியின் காரை வேகமாக்கிப் பிழைத்தார் என்பது ஒரு வேடிக்கை. 1923 இண்டியானாபொலிஸ் 500-ல் அப்படி ஒரு ஃபோர்டு ஐந்தாவதாக வந்தது, பல மடங்கு விலை போன பந்தய வண்டிகளின் நடுவில்.

ஓட்டப் பழகுவது மட்டும் வித்தியாசமான அனுபவம். மூன்று பெடல்: இடது பெடலை அழுத்தினால் முதல் கியர், விட்டால் இரண்டாவது. நடுவில் ரிவர்ஸ். வலது பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே வலக்கைப் பக்கம் ஒரு குச்சி. இடக்கைப் பக்கக் குச்சி தீப்பொறி நேரத்துக்கு. தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தாமல், இன்ஜினைக் கிளப்ப முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உதைக்கும், கட்டைவிரலை மடக்கிப் பிடித்தவருக்கு எலும்பு முறியும். பிரேக் இங்கேயும் மோசம்தான், கியர்பாக்ஸுக்குள் ஒரு பட்டைதான் வண்டியை நிறுத்துகிறது. பின்சக்கரத்துக்குத் தனி பிரேக் மாட்டாமல் ஸ்பீட்ஸ்டரை ஓட்டாதீர்கள். ஆனால் நிறுத்த வேண்டியது அரை டன்னைக் கொஞ்சம் தாண்டிய எடை. தவறுக்கு இடம் கொடுக்கும் வண்டி.

விலை, நன்றாக ஓடும் ஒன்று இருபதாயிரம் டாலருக்குள் கிடைக்கும். சாதாரண வீட்டு கராஜில் நிற்கும், இரண்டு பேர் தள்ளினால் நகரும்.

அப்படியானால் எல்லோரும் ஃபோர்டே வாங்கலாமே? வாங்கலாம். ஆனால் 14 லிட்டரின் பக்கத்தில் ஒருமுறை நின்றவருக்கு ஃபோர்டு தையல் மெஷின் சத்தமாகத்தான் கேட்கும். அந்த ஆசை பிடித்தவருக்கு ஃபோர்டு வாங்கிக் கொடுத்தால் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு லாஃப்ரான்ஸ் தேடுவார். ஆகவே உங்கள் ஆசை எது என்று நேர்மையாகப் பாருங்கள். ஓட்டுவதா, அந்த இன்ஜினா? என் நண்பருக்கு இன்ஜின்தான், இரண்டு கார் நிற்கும் கராஜும் இருக்கிறது. அவருக்கு முடிந்த லாஃப்ரான்ஸ் என்று சொல்லியிருக்கிறேன்.

வாங்கும் முன் சங்கங்களின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பித்தளைக் காலத்துக் கார்களுக்கான (விளக்கும் ரேடியேட்டரும் பித்தளையில் வந்த காலம்) பயணங்கள் பலவற்றில் 1915 வரை செய்த வண்டிகளுக்கே இடம். 1922-ன் தீயணைப்பு வண்டி எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அங்கே கதவு மூடியிருக்கும். அசல்தன்மைக்குப் பரிசு தரும் கண்காட்சிகளில் மாற்றிய வண்டிக்கு வேலையே இல்லை. மலையேற்றப் பந்தயம், ஊர்வலம், தொலைதூர ஓட்டம் போன்றவற்றில் தாராளம். லாஃப்ரான்ஸ் ஸ்பீட்ஸ்டர்கள் பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை ஓடும் பழைய வண்டிப் பயணங்களிலேயே கலந்துகொண்டிருக்கின்றன.

பார்க்கப் போகும்போது நண்பருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் காகிதம். நகராட்சி வண்டிகளுக்குப் பெரும்பாலும் சாதாரண உரிமைப் பத்திரம் இருந்ததில்லை. இப்போது விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா, அதில் போட்டிருக்கும் வருடம் அந்த எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1923 வண்டி பத்திரத்தில் 1912 ஆகியிருப்பது புதிதில்லை. அப்புறம் படுத்துச் சட்டகத்தின் அடியைப் பாருங்கள். பம்பு தொங்கிய ஓட்டைகள் அங்கே இருக்கும், இருப்பதில் தவறில்லை. பார்க்க வேண்டியது அவற்றிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறதா, சட்டகத்தை நீளம் குறைத்திருந்தால் ஒட்டு எங்கே, எப்படி என்பதை. செயினைப் பல்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்துப் பாருங்கள், பல் பாதி தெரிந்தால் நான்கு ஸ்ப்ராக்கெட்டும் இரண்டு செயினும் புதிதாக வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டுங்கள், ஆரக்கால் கிறீச்சிட்டால் விலையில் கழியுங்கள்.

கடைசியாக இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். 'நீங்கள் வருகிறீர்கள் என்று காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தேன்' என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் அவர் எழுந்திருக்கும் முன் போய் நில்லுங்கள். 14 லிட்டர் குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது, கிளம்பியதும் எந்தப் பக்கம் என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.